ஞாயித்துக்கிழமை சக்களத்தி

ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு வயிறு எரியும். மத்தவங்கல்லாம் வூட்டுக்காரன் கள்ளுக்கடைக்குப் போறான், சீட்டாடப் போறான்னு மூக்கைச் சிந்துவாங்க. எங்க வூட்டுக்காரரு மீன் பிடிக்கப் போவாரு. அதுக்குப் போயி ஒருத்தி பொறாமைப்படுவாளான்னு நீங்க கேக்கலாம். நான் பட்டேன். சொல்றதுக்கு எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல.

அப்ப உலகச் சண்டை நடந்துக்கினு இருந்த காலம். விழுப்புரம் லோகோ ஷெட்டுல அவருக்கு வேலை. இன்ஜின் பாய்லருக்குள்ள பூந்துக்கினு சம்மட்டியால ரிவெட் ஆணி அடிக்கணும். வெளிய உலைகிட்ட நின்னு அந்த ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால எடுத்து நீட்டுறவரு இன்னொருத்தரு. கோட்டக்குப்பத்துல பொறந்தவரு, ஷெட்டுல எல்லாருக்கும் அவரு பாய். மொகத்துக்கு நேரா நான் அண்ணேன்னு கூப்புடுவேன். மனசுக்குள்ள கூப்புட்டது வேற, அத்த இங்க எழுத முடியாது.

இவங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை காலையில பாஸஞ்சர் புடிச்சி மயிலம் ஸ்டேஷன்ல எறங்கி, அங்கேர்ந்து நடந்து மலையடிவாரத்து ஏரிக்குப் போவாங்க. கையில மூங்கில் கழி, கொட்டாங்கச்சியில மண்புழு, மடியில அவிச்ச மல்லாக்கொட்டை. பொழுது சாய திரும்பி வருவாங்க. பாய்க்கு ஜங்ஷன்ல ஆளுங்க பழக்கம் ஜாஸ்தி. வெள்ளைக்காரங்க ரயில் பெட்டிக்குன்னு மெட்ராஸ்லேர்ந்து மரத்தூள்ல பொதைச்சி வர்ற ஐஸ் கட்டியில ஒடைஞ்ச துண்டு ரெண்டை எப்படியாச்சும் கேட்டு வாங்கி வாளியில போட்டுடுவாரு. அது மேல கெளுத்தியும் கெண்டையும் படுத்துக்கினு வரும். எங்க லயன் வூடுங்கள்ல ஐஸைக் கண்ணால பார்த்த பொம்பளைங்களே அப்ப கெடையாது. ஆளாளுக்கு ஓடியாந்து தொட்டுப் பாத்துட்டு, உனக்கு இன்னாடி கொறைச்சல்னு என் கன்னத்தைக் கிள்ளிட்டுப் போவாங்க. எனக்கு அந்த வாளியைத் தூக்கிச் சாக்கடையில கொட்டணும்போல இருக்கும்.

கொறைச்சல் இன்னான்னா, அவரு எங்கிட்டப் பேசமாட்டாரு.

கல்யாணம் ஆன புதுசுல அப்படி இல்ல. திண்டிவனத்துல எங்க அம்மா வூட்டுக்கு விருந்துக்கு வந்தப்ப, இந்த மாப்பிள்ளைக்கு வாய் வலிக்காதான்னு எங்க அப்பா கொல்லைப்பக்கம் போயி ஒளிஞ்சிக்கினாரு. அப்படிப் பேசினவரு. ஒரு பொண்ணு பொறந்தா, அப்புறம் ஒரு புள்ள. கொஞ்சம் கொஞ்சமா அவரு பேச்சு நின்னு போச்சி. அடுப்பு ஊதிக்கினே நான் நாலு விசயம் சொல்லுவேன், கூடத்துல உக்காந்துக்கினு ம்முனு கூட ஒரு பதில் வராது. ரேஷன்ல அரிசி போடல, கேப்பை மாவுதான் இருக்குதுன்னு சொல்லிட்டுக் களியைக் கொண்டாந்து வெச்சா, இன்னிக்கு ஏன் களின்னு கத்துவாரு. பேசினாலே கத்தல்தான். விளக்கை அணைச்சிட்டா அவ்வளவுதான், நான் இன்னா பேசினாலும் அந்தப் பக்கம் கல்லாட்டம் கெடப்பாரு. பக்கத்து வூட்டம்மா கிட்ட சொல்லி அழுதேன். ஷெட்டு ஆம்பளைங்க எல்லாருமே காட்டுக் கத்தல்தான்டி, சம்மட்டி புடிச்ச கொணம்னு அந்தம்மா சொன்னாங்க.

சரி, தலையெழுத்துன்னு கெடந்திருப்பேன். ஆனா அந்த பாய் கூட இருந்தா அவரு சிரிப்பாரு. தெருமுனையில ரெண்டு பேரும் நிக்கிறத ஜன்னல் வழியா பாப்பேன். பாய் கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லுவாரு, இவரு தோளு குலுங்கக் குலுங்கச் சிரிப்பாரு. அந்தச் சிரிப்பு எங்க வாசப்படி ஏறும்போது செருப்போட சேந்து வெளிய நின்னுடும். தண்ணிக் கொழாகிட்ட பாய் சம்சாரம் ஒரு நாள் சொன்னாங்க, "எங்க வூட்டு மனுசனுக்கு எந்நேரமும் உங்க வூட்டுக்காரரு பேச்சுத்தாங்க. அவரு அத்தச் சொன்னாரு, இத்தச் சொன்னாருன்னு." அந்தம்மா பெருமையாத்தான் சொன்னாங்க. நான் கொடத்தை ரொம்பறதுக்கு முன்னாடியே தூக்கிக்கினு வந்துட்டேன். சொல்றாராமே. அங்க போயி அத்தச் சொல்றாரு, இத்தச் சொல்றாரு. எங்கிட்ட சொல்றதுக்குத்தான் வாயில கொழுக்கட்டை.

சக்களத்தியா இருந்தா தலைமுடியைப் புடிச்சி ரெண்டு இழு இழுக்கலாம். இது ஒரு ஏரி, ஒரு தூண்டில், ஒரு மனுசன். எத்தப் புடிச்சி இழுக்கிறது?

ஒரு சனிக்கிழமை அவரு முன்னாடி போயி நின்னுக்கினு, நாளைக்கு நானும் புள்ளைங்களும் ஏரிக்கு வர்றோம்னேன். சண்டைக்குத் தயாரா இடுப்புல கூட கை வெச்சிக்கினேன். அவரு என் மொகத்தை ஒரு நிமிசம் பாத்தாரு. "வாயேன்" னாரு. அவ்வளவு லேசா சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலா இருந்திச்சி.

பாய் சம்சாரமும் கெளம்பினாங்க. ரயில்ல பொம்பளைங்க நாங்க ஒரு பக்கம், அவங்க ரெண்டு பேரும் எதிர்ப் பக்கம். பாய் எங்க வூட்டுக்காரருக்கு இடது பக்கமா ஒட்டிக்கினு உக்காந்தாரு. விக்கிரவாண்டி தாண்டுற வரைக்கும் நான் அத்தையே பாத்துக்கினு வந்தேன். பாய் அவரு தொடையில ஒரு தட்டு தட்டி வெளிய கையைக் காட்டுவாரு. எட்டிப் பாத்தா வயல்ல ஒரு கொக்கு நிக்கும். அத்தப் பாத்து என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்குன்னு எனக்குப் பொகைஞ்சிக்கினு வந்திச்சி.

ஏரியில தண்ணி நெறைய இருந்திச்சி. கரையில வேலமர நெழலுல நானும் பாய் சம்சாரமும் கல்லு கூட்டி அடுப்பு மூட்டினோம். ஆம்பளைங்க கீழ தண்ணி ஓரமா போயி உக்காந்தாங்க. உக்காந்ததும் பாய் ஒரு வேலை பண்ணாரு. மடியிலேர்ந்து சணல் நூல் ஒண்ணை எடுத்தாரு. ஒரு முனையை எங்க வூட்டுக்காரரு இடுப்புல அரைஞாண் கயித்துல முடிஞ்சாரு, இன்னொரு முனையைத் தன் மணிக்கட்டுல சுத்திக்கினாரு. இவரும் கையைத் தூக்கிக்கினு, பழக்கப்பட்ட மாடு மாதிரி, கட்டறதுக்கு எடம் குடுத்தாரு.

என் பொண்ணு ஓடிப்போயி, "எதுக்கு மாமா கயிறு?" ன்னு கேட்டா.

"மீன் வந்தா உங்க அப்பனுக்குத் தந்தி அடிக்கிறதுக்கும்மா," ன்னாரு பாய்.

புள்ளைங்க சிரிச்சிது. பாய் சம்சாரம் சிரிக்கல, வெங்காயத்தை உரிச்சிக்கினு இருந்தாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கினு எரிஞ்சிது. ஊரறிய என் கழுத்துல ஒரு கயிறு கட்டின மனுசன், இங்க வந்து இன்னொரு கயிறு கட்டிக்கினு உக்காந்திருக்காரு. அதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் எனக்கு?

நான் நெனச்சிக்கினு வந்தது இவங்க பேசறத ஒட்டுக் கேக்கணும்னு. அதுக்காகத்தான் வந்ததே. மேலேர்ந்து காதைத் தீட்டிக்கினு உக்காந்தேன். ஒரு பேச்சு கெடையாது. வெயில் ஏறிக்கினே இருக்குது, ரெண்டு முதுகும் பக்கத்துல பக்கத்துல அப்படியே இருக்குது. எப்பவாச்சும் நூலு ஒரு தடவை விறைக்கும். உடனே அவரு தலையைத் திருப்புவாரு, பாய் காட்டுற பக்கம் விரால் ஒண்ணு மூச்சு வாங்க மேல வந்துட்டு உள்ள போவும், ரெண்டு பேரும் தலையை ஆட்டிக்குவாங்க. பேசினா கூட இவ்வளவு கோவம் வந்திருக்காது. பேசாமலே இவ்வளவு நெருக்கமா ஒருத்தர்கிட்ட இருக்க அவருக்குத் தெரியுதே, அந்தப் பேசாத பேச்சுல எனக்கு ஒரு துளி குடுத்தாரா?

சோறு வெந்திச்சி. காலையில புடிச்ச கெண்டையில கொழம்பும் கொதிச்சி எறங்கிச்சி. நான் கரையிலேர்ந்து எறங்கிப் போயி அவரு முதுகுக்குப் பின்னாடி நின்னேன்.

"சோறு ஆயிடிச்சி, வாங்க."

அவரு திரும்பல. மறுபடியும் கூப்புட்டேன். தக்கையைப் பாத்துக்கினு உக்காந்திருக்காரு. பாய் கையை அசைக்கப் போனாரு. அத்தப் பாத்ததும் எனக்குக் கோவம் மூக்குக்கு மேல வந்துடிச்சி. "நீங்க சும்மா இருங்க அண்ணே. என் புருசனைக் கூப்புட எனக்கு உங்க கயிறு தேவையில்ல," ன்னேன். பாய் கை அப்படியே நின்னுடிச்சி.

அப்புறம் கொட்டினேன். வருசக் கணக்கா சேத்து வெச்சது அத்தனையும். "நான் உங்களுக்கு யாருங்க? சோறாக்கிப் போடறவளா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்டப் பேசினா உங்க வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா? இந்த ஆளுகிட்ட அப்படி இன்னா கண்டீங்க? தாலி கட்டினது எனக்கு, குடும்பம் நடத்தறது இவரு கூடவா? இவரையே கட்டிக்கினு கோட்டக்குப்பத்துக்குப் போயிடறதுதானே. ஏரிக்கரையில மட்டும் சிரிக்கத் தெரியிற மனுசனுக்குப் பொண்டாட்டி எதுக்கு, புள்ளைங்க எதுக்கு?" இன்னும் கேவலமாவும் சொன்னேன். பாய் தலையைக் குனிஞ்சிக்கினாரு. அவரு காது நுனி செவந்து போச்சி. எங்க வூட்டுக்காரரு மட்டும் திரும்பவே இல்ல. தூண்டில் கழி கூட அசையல. தண்ணியைப் பாத்து லேசா சிரிச்ச மொகமாவே இருந்தாரு.

பாய் சம்சாரம் ஓடியாந்து என் கையைப் புடிச்சாங்க. பாய் மெதுவா நிமிந்தாரு.

"தங்கச்சி, அவனுக்கு ஒண்ணும் கேக்கலம்மா. நீ சொன்னதெல்லாம் நான் ஒருத்தன்தான் கேட்டேன்."

எனக்குப் புரியல. இன்னா கேக்கலன்னேன்.

"காது. பாய்லருக்குள்ள அடிச்சி அடிச்சிப் போயிடிச்சி. வலது பக்கம் சுத்தமா இல்ல, இடது பக்கம் ஒட்டிக்கினு கத்தினா கொஞ்சம். ஷெட்டுல தெரிஞ்சா டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க, வேலை போயிடும். அதான் நான் பக்கத்துலயே இருந்து சமாளிக்கிறேன்." "உனக்குத் தெரியும்னுதானே நான் நெனச்சிக்கினு இருந்தேன்," ன்னாரு.

பாய் சம்சாரம் என் மொகத்தைப் பாக்காம புள்ளைங்களைப் பாத்தாங்க. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும்தான் தெரியல.

"உங்ககிட்ட மட்டும் சொன்னாரா?" இதுதான் என் வாயில மொதல்ல வந்திச்சி. ஐயோ என் புருசனுக்குக் காது போச்சேன்னு வரல.

"எங்கிட்டயும் சொல்லலியே தங்கச்சி. கூட உக்காந்தா தெரியாதா?"

அந்த ஒரு பேச்சு என்னை அறைஞ்சிடிச்சி. அவரு குத்திக் காட்டணும்னு சொல்லல, நல்ல மனுசன். சொல்லிட்டு மணிக்கட்டு நூலை லேசா இழுத்தாரு. எங்க வூட்டுக்காரரு திரும்பினாரு. என்னைப் பாத்தாரு, என் கண்ணுல தண்ணியைப் பாத்தாரு. அடுப்புப் பொகைன்னு நெனச்சிக்கினாரு போல.

"சோறு ஆயிடிச்சா?" ன்னு கத்திக் கேட்டாரு.

ஆயிடிச்சின்னு தலையை ஆட்டினேன். எல்லாரும் சாப்ட்டோம். நான் பாயோட எலையில மொதல்ல கொழம்பு ஊத்தினேன், மன்னிப்புக் கேக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச வழி அதுதான். ஆனா உள்ளுக்குள்ள எரிச்சல் அடங்கிடிச்சின்னு நெனச்சிடாதீங்க. இன்னும் மோசமாயிடிச்சி. முன்னாடி அந்த மனுசன் கிட்ட அவரு பேச்சு மட்டும் போயிடிச்சேன்னு எரிஞ்சேன். இப்ப அவரோட காதும் அந்த மனுசன் கையிலதான் இருக்குது, ஒரு சணல் நூலு அகலத்துல. ஒரே கூரை, ஒரே படுக்கை, ஒரே சட்டி. நான் பாக்காதத உலை பக்கம் நின்னவரு பாத்துட்டாரு. திரும்பற ரயில்ல வேணும்னே அவரோட இடது பக்கம் நான் போயி உக்காந்துக்கினேன். பாய் எழுந்து எதிர்ப் பலகைக்குப் போனாரு.

மறுநாள் சாயங்காலம் அவரு ஷெட்டுலேர்ந்து வந்து கால் கழுவிட்டுக் கூடத்துல உக்காந்தாரு. நான் அடுப்பை அப்படியே போட்டுட்டு அவரு முன்னாடி வந்து உக்காந்தேன். லாந்தரை இழுத்து என் மொகத்துகிட்ட வெச்சிக்கினேன்.

"எனக்குத் தெரியும்," னேன். காதைத் தொட்டுக் காட்டினேன்.

அவரு பயந்துட்டாரு. வாசப்பக்கம் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் கத்தாம பேசினாரு, அதனால பாதிப் பேச்சு எனக்கே கேக்கல.

"நீ எந்நேரமும் அடுப்பைப் பாத்துக்கினு இருப்ப. பேசறியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீதான் எங்கிட்டப் பேசறத உட்டுட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இத்தனை வருசம் இந்த மனுசன் இத்த மனசுல வெச்சிக்கினு எப்படித்தான் இருந்தாரு? அப்படி நெனச்சதுமே அடுத்த கேள்வி தோணிடிச்சி. எவ்வளவு அடக்கியும் முடியல.

"இத்தையும் பாய்கிட்டத்தான் சொன்னீங்களா?" ன்னேன்.

அவரு என் வாயையே பாத்துக்கினு இருந்தாரு. ஒவ்வொரு எழுத்தா பொறுக்கி எடுத்துக்கினு, அப்புறம் சொன்னாரு.

"ஆமா. வேற யாருகிட்ட சொல்றது?"