எட்டு நாரத்தங்காய்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு டோரீனம்மா ரொட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டைவிரலால் மேலே ஓர் அமுக்கு. திருப்பி அடியில் இரண்டு தட்டு. கடைசியாக மூக்கருகே கொண்டுபோய் ஒரு மோப்பம்.

"அமுக்காதீங்கம்மா. அது இன்னா கத்திரிக்காயா, புழு இருக்குதானு பாக்கறதுக்கு?" என்பார் பேக்கரிக்காரர் ஜானி பாஷா.

"சக்கர இருக்குதானு பாக்கறேன் பாய்."

செங்கம் சாலையில் விற்கிற ரொட்டி எல்லாமே தித்திக்கும். தித்திக்காத ரொட்டி கேட்டு டோரீனம்மா இரண்டு வருடம் நச்சரித்தார். தொல்லை தாங்காமல் வாரத்துக்கு இரண்டு மட்டும் தனியாகப் போட ஆரம்பித்தார் பாஷா. ஒருமுறை மூன்றாவதாக ஒன்று போட்டு வைக்க, அதை வாங்கிப்போன ஆட்டோக்காரர் சக்கரவர்த்தி அரைமணியில் திரும்பி வந்துவிட்டார். "பாய், வீட்ல எதனா சண்டையா? சக்கர போட மறந்துட்டீங்க."

இங்கிலாந்தின் வடக்கே, மழை ஓயாத ஒரு சிற்றூரில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர் டோரீனம்மா. ஓய்வு பெற்றதும் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். ரமணாசிரமத்துப் பக்கம் மலை தெரிகிற ஒரு மாடி அறையில் பதினாறு வருடம் ஓடிவிட்டது. இப்போது வயது எழுபத்தாறு. தமிழைப் புத்தகத்தில் படிக்கவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து கூடையோடு வரும் ராணியம்மாளிடம் காய் வாங்கிக் கற்றுக்கொண்டார். அதனால் 'ஜாஸ்தி', 'கம்மி', 'இன்னாத்துக்கு' எல்லாம் சுத்தமாக வரும். மரியாதைதான் வராது. விசா விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடமே, "நீ ஒக்காரு, தண்ணி குடி" என்றவர் அவர்.

மலைக்காக வந்தவர்தான். நாக்கு மட்டும் கூட வர மறுத்துவிட்டது. டீக்கடையில் டிகாஷனைத் தனியாக, காய்ச்சிய பாலைத் தனியாகக் கேட்பார். "பிரிச்சுக் குடுத்தா அது டீயா? கோச்சுக்கினு தனித்தனியா படுத்துக்கற புருசன் பொண்டாட்டி மாதிரி இருக்குது" என்று டீ மாஸ்டர் வேணு முனகிக்கொண்டே இரண்டு டம்ளரில் வைப்பார். மாலையில் செட் தோசை இரண்டு, சட்னி சாம்பார் எதுவும் வேண்டாம். ஓட்டை ஓட்டையான அந்தத் தோசையில் வெண்ணெயை வைத்து, அது ஒவ்வொரு ஓட்டையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரில் மழை நாளில் அவர் அம்மா சுட்டுத் தந்த பண்டத்திலும் வெண்ணெய் அப்படித்தான் இறங்குமாம். அலமாரியில் கஸ்டர்டு பவுடர் டப்பா ஒன்று உண்டு. காலி டப்பா. நான்கு வருடமாகக் காலி. எப்போதாவது மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைப்பார்.

எல்லாவற்றிலும் பெரிய ஏக்கம் மார்மலேடுதான். கசப்பு ஆரஞ்சின் தோலை மெல்லிசாக நறுக்கிச் சர்க்கரையில் காய்ச்சுகிற, ரொட்டியில் தடவும் கசப்பு ஜாம். ஜனவரி மாதம் வந்தால் அம்மா அடுப்பில் ஏற்றுவார், அக்கா ஜோன் தோலை நூல் நூலாக அரிவார், டோரீனம்மா கிளறுவார். இங்கே வந்தபிறகு அந்தக் கசப்பை ராணியம்மாள் வீட்டுப் பின்னால் நிற்கும் நாரத்தை மரத்தில் கண்டுபிடித்தார். ஒவ்வொரு தை மாதமும் இவர் இங்கே காய்ச்ச, அக்கா அங்கே காய்ச்ச, இருவரும் போனில் ஒரே நேரத்தில் கரண்டியை நக்குவார்கள்.

இந்த வருடம் அக்காவுக்கு அடுப்பு இல்லை. எண்பது வயது, விரல்கள் மடங்கிப்போய்விட்டன, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். போனில் அவர் சொன்னது ஒன்றுதான்: "தினமும் ரொட்டிக்கு ஏதோ ஒன்று தடவித் தருகிறார்கள், டோரீன். தித்திக்கிறது. கசப்பே இல்லை. இப்போதெல்லாம் எதிலும் ருசியே தெரிவதில்லை."

பக்கத்து விடுதியில் தங்கியிருந்த ஓர் இங்கிலாந்துப் பெண் சனிக்கிழமை ஊர் திரும்புவதாக இருந்தார். அக்காவுக்கு ஒரே ஒரு பாட்டில் மார்மலேடு கொண்டுபோகிறேன் என்று ஒப்புக்கொண்டார். மழையில் பூ உதிர்ந்துபோய் மரத்தில் மொத்தமே எட்டுக் காய். "எட்டும் எனக்கு, ராணி" என்று டோரீனம்மா போன வாரமே சொல்லி வைத்தார். மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார் அப்போது.

புதன்கிழமை ராணியம்மாள் கூடையை இறக்கி, ஒரு ஜாடியைப் பெருமையோடு எடுத்து நீட்டினார். "கை நோவுதுன்னியேமா, நீ எங்க அறுக்கப் போறேன்னு நானே சுருள் சுருளா அறுத்து உப்பு அடைச்சுட்டேன். மூணு நாள் ஊறியிருக்குது. இனிமே காய வெச்சு எடுத்துக்கினா வருசத்துக்கும் கெடாது."

அடி அண்ணாமலையில் நாரத்தங்காய் என்றால் உப்பு ஊறுகாய்தான். வேறு எதற்கு ஒருத்தி எட்டுக் காயையும் கேட்பாள்? டோரீனம்மா ஜாடியைப் பார்த்தார். ராணியம்மாளின் விரல் நகங்களில் காய்த்தோலின் மஞ்சள் இன்னும் இருந்தது.

"ரொம்ப நல்லாருக்குது, ராணி" என்றார்.

அன்று முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்தார். மாற்றினார். மறுபடி ஊற வைத்தார். வியாழக்கிழமை ரொட்டியை அமுக்கக்கூடப் போகவில்லை. ஒன்பதாவது தண்ணீரில் நாக்கை வைத்தபோதும் கரித்தது. இடது கையாலேயே அரிந்து காய்ச்சினார். நிறம் வந்தது, பதம் வந்தது, கசப்பும் வந்தது. அடியில் உப்பும் நின்றது. பாட்டிலில் ஊற்றி, கஸ்டர்டு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கீரை கொடுக்க மாடியேறி வந்த ராணியம்மாள், கழுவாத சட்டியைப் பார்த்தார். "இன்னாம்மா இது? ஊறுகாயில பாகா?"

மறைக்க முடியவில்லை. அக்கா, பாட்டில், சனிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னார் டோரீனம்மா. ராணியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, பாழாக்கிட்டேனே! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ? பதினாறு வருசமா காய வாங்கினியே, இன்னாத்துக்குனு நானாவது கேட்டிருக்கணும்." சட்டியில் ஒட்டியிருந்ததை ஒரு விரலில் வழித்து வாயில் வைத்தார். முகம் சுருங்கியது, ஒரு கண் மூடிக்கொண்டது, சப்புக்கொட்டினார். "கசக்குது, தித்திக்குது, கரிக்குது. எல்லாம் ஒண்ணா கெடக்குதுமா. காய்ச்சல் வந்து நாக்கு செத்துப் போனவங்க வாயில இத வெச்சா எழுந்து ஒக்காந்துக்குவாங்க."

"நாக்கு செத்துப் போறதுன்னா?"

"எதைத் துன்னாலும் ருசியே தெரியாம போயிடும்மா. அதுக்குத்தான் நாங்க உப்பு நாத்தங்கா குடுக்கறது. வேற எதுக்கு?"

டோரீனம்மா அலமாரியைத் திறந்து, காலி டப்பாவை நகர்த்தி, பாட்டிலை எடுத்தார். அதன் வாயைத் துடைத்தார். கட்டுப்போட்ட கையால் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் மூடியை இறுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இறுக்கினார். பாலித்தீன் உறை ஒன்றில் போட்டு முடிச்சிட்டார். அதன்மேல் இன்னொன்று போடப்போனவர் நின்றார். முடிச்சை அவிழ்த்து, பாட்டிலை மறுபடி வெளியே எடுத்து, அக்காவின் விரல்களை நினைத்து மூடியைக் கால் சுற்று தளர்த்தினார்.