தண்ணிப்பால்

சிங்கப்பூர் போகப் பெட்டி கட்டும்போது என் கணவர் முதலில் எடுத்து வைத்தது இரண்டு பாட்டில் சிறுவாணித் தண்ணீர். துணிகளுக்கு நடுவே, துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் வைத்தார். "ஏன், அங்க தண்ணி கெடைக்காதுங்களா?" என்று கேட்டேன். "தண்ணி கெடைக்கும். இது கெடைக்குமா? தங்கச்சி ஆசையாக் கேட்டா" என்றார். நான் ஈரோட்டுக்காரி, காவிரி குடித்து வளர்ந்தவள். கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இந்தத் தண்ணீர்ப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

என் கவலை தண்ணீர் இல்லை, பால் பவுடர். பாப்பாவுக்கு அப்போது நான்கு மாதம். பிரசவம் முடிந்த கையோடு நான் காய்ச்சலில் விழுந்தேன். சுரந்த கொஞ்சநஞ்சப் பாலும் அதில் நின்றுபோனது. பூண்டு, சுறாப்புட்டு, வெந்தயக்களி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், எல்லாம் தின்று பார்த்தாயிற்று. பார்க்க வருகிற சொந்தக்காரப் பெண்கள் முதலில் பாப்பாவைப் பார்ப்பார்கள், அடுத்து பாட்டிலை, கடைசியாக என்னை. "ஏனம்மணி, பாலே இல்லியா?" என்பார்கள். அப்படிக் கேட்ட ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அந்த வைராக்கியத்தில்தான் பால் கலக்குவதை ஒரு பூஜை மாதிரி செய்தேன். பாட்டிலைக் கொதிக்க வைத்து எடுப்பேன். காய்ச்சிய தண்ணீரைத்தான் முதலில் ஊற்றுவேன், கோடு வரைக்கும். பிறகு டின்னுக்குள் இருக்கும் அந்தச் சின்ன அளவுக் கரண்டியில் பவுடரை அள்ளி, கத்தி முதுகால் மட்டமாக வழித்துப் போடுவேன். குமித்துப் போடக்கூடாது, அழுத்தி நிரப்பக்கூடாது. என் கணவருக்குக்கூட அந்தக் கரண்டியைக் கொடுத்ததில்லை.

நாத்தனார் சிங்கப்பூரில் புது வீடு வாங்கியிருந்தாள். பால் காய்ச்சப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மாட்டை விட்டுவிட்டு வர முடியாது என்று மாமியார் ஊரில், அன்னூரிலேயே நின்றுகொண்டார். மாமனார் கிளம்பினார். அதுதான் அவருக்கு முதல் விமானப் பயணம்.

மாமனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாலிபத்திலிருந்து பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். மழையோ கல்யாணமோ இழவோ, இரண்டு வேளையும் கேன் போயாக வேண்டும். அங்கே கருவியை விட்டுப் பாலின் கெட்டியைப் பார்ப்பார்கள். அவர் பாலைப் பார்த்து ஒரு நாளும் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. ஒருவனைப் பற்றி அவர் சொல்லக்கூடிய ஆகக் கேவலமான வார்த்தை, "அவன் தண்ணி ஊத்தறவன்" என்பதுதான். ஆள் யாரையாவது ஏமாற்றினாலும் அதுதான், பொய் சொன்னாலும் அதுதான்.

விமான நிலையச் சோதனையில் என் பிளாஸ்கைத் திறக்கச் சொன்னார்கள், டின்னைத் திறந்து பார்த்தார்கள். அந்த வெள்ளைப் பவுடரை ஒரு அதிகாரி உற்றுப் பார்த்தார். அதைப் பறித்துக்கொண்டால் பிள்ளைக்கு என்ன கொடுப்பேன்? விசாரித்து வைத்திருந்தேன், அந்த ஊரில் இந்த டின் கிடையாது. பாப்பாவுக்கோ வேறு எந்தப் பவுடரும் ஒத்துக்கொள்ளாது. போகவர நாட்களுக்குத் தாராளமாகக் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் மிச்சமிருக்கும்படி ஒரு புது டின்னைப் பிரித்து எடுத்து வந்திருந்தேன்.

விமானத்தில் மாமனார் என் பக்கத்து இருக்கை. பால் கலக்கி முடித்ததும், "நீ போயி மூஞ்சி களுவிட்டு வா அம்மணி, நான் குடுக்கறேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்க முன்வருகிற மாமனார் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நாத்தனார் வீட்டுக்குப் போன பிறகும் அதே கதைதான். நான் கலக்கி வைத்துவிட்டு அடுத்த பாட்டிலைக் கழுவப் போவேன், அவர் பாப்பாவை மடியில் போட்டுக்கொள்வார்.

நாத்தனார் வாங்க வாங்க என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். கூடவே, "பால் காய்ச்சறப்ப எதிர் ஊட்டு அக்காவை ஊத்தச் சொல்லியிருக்கேனுங்க அண்ணி. மூணு புள்ள பெத்தவங்க, ராசியான கை" என்றாள். அவள் வேறு எதையும் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. பாலில்லாதவள் பால் ஊற்றக்கூடாது போலிருக்கிறது என்று நானே அதற்கு உரை எழுதிக்கொண்டேன்.

மறுநாள் டின்னைத் திறந்தவள் அப்படியே நின்றேன். பவுடர் இருக்க வேண்டிய இடத்தை விட நன்றாக இறங்கியிருந்தது. என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "கொட்டிப்போட்டு மறைக்கறீங்களா?" என்று சண்டை பிடித்தேன். அவர் தொடவே இல்லை என்றார். நாத்தனார் பையன் தின்றிருப்பானோ என்று அவன் வாயோரத்தைக்கூடப் பார்த்தேன். இந்த வேகத்தில் போனால் ஊர் திரும்பும் வரை தாங்காது. டின்னை அலமாரிக்குள் வைத்துப் பூட்டலாமா என்று யோசித்தேன். அடுத்தவர் வீட்டில் அலமாரியைப் பூட்டினால் நன்றாகவா இருக்கும்?

அதற்குள் பாப்பா அழ ஆரம்பித்திருந்தாள். பால் குடிப்பாள், சற்று நேரத்தில் மறுபடி அழுவாள். ஊர் மாறியதால் இருக்கும், வெயிலால் இருக்கும், கண் பட்டிருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னோம். "பசி தாங்கலே கொழந்தைக்கு" என்றார் மாமனார். மறுபடி கலக்கினேன். உறிஞ்சிக் குடித்தாள், மறுபடி அழுதாள். டயப்பரைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் மாற்றியது, காய்ந்தே கிடந்தது. விரலை வாயில் வைத்துப் பார்த்தால் நாக்கு ஒட்டியது. அழுகிற கண்ணில் தண்ணீர் இல்லை. அதைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். "நானும் வாரேன்" என்று மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார், தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், பால் எப்படிக் கலக்குகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். அளவு சரிதானே, வேறு யாராவது கலக்குகிறார்களா என்று திரும்பக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் மட்டும்தான், இந்தக் கை மட்டும்தான் என்றேன்.

"என்ன கேக்கறாங்க?" என்றார் மாமனார்.

"தண்ணிக்கேத்த அளவுதான் பவுடர் போடறோமான்னு கேக்கறாங்கப்பா" என்றார் என் கணவர்.

மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மருத்துவரைப் பார்த்துத்தான் பேசினார், தமிழிலேயே. "அம்மணி மேல தப்பில்லீங்க. அது கலக்கி வெச்ச பொறகு நான் ஒவ்வொருக்காவும் ஒண்ணு ரெண்டு கரண்டி கூடப் போட்டனுங்க. பால் தண்ணியாட்ட இருந்துதுங்க. எம்பட பேத்தி தண்ணிப்பால் குடிக்கோணுமான்னு மனசு கேக்கலீங்க."

மருத்துவர் என் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன், என் மேல் தப்பில்லை என்பதையும் சேர்த்து. சொல்லி முடித்ததும் மாமனார் பக்கம் திரும்பினேன். அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

மருத்துவர் திட்டவில்லை. பால் அளவுக்கு மேல் கெட்டியானால் குழந்தைக்குத் தாகம் ஏறும், உடம்பில் உள்ள தண்ணீரும் வெளியேறிவிடும், அது தாகத்துக்கு அழும், நாம் பசி என்று மறுபடி அதையே கொடுப்போம் என்றார். இனி சரியான அளவில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பொழுது சாய்வதற்குள் ஒன்றுக்குப் போக வேண்டும், போகாவிட்டாலோ துவண்டுபோனாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தோம். நான் கலக்கினேன், நானே கொடுத்தேன். நாளைக்குப் பால் காய்ச்ச வரப்போகிற ஒரம்பரைச் சனத்துக்காக நாத்தனார் வாங்கிக் குவித்திருந்த பூவும் பழமும் கூடத்தில் கிடந்தன, ஒருவரும் தொடவில்லை. மாமனார் வாசற்படிக்கு வெளியே நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காப்பி கொண்டுபோனால் வேண்டாம் என்றார், தண்ணீரும் வேண்டாம் என்றார்.

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "நான் அளந்து போட்டதை நீங்க நம்பலீங்களா மாமா? எம்பட கொழந்தைக்கு நான் தண்ணி ஊத்தறவளா?"

அவர் நிமிரவில்லை. "உன்னைய அப்படி நெனைப்பனா அம்மணி" என்றார். "ஈரோட்டுக்குக் கொழந்தையப் பாக்க வந்தன்னிக்கு, பால் வல்லியேன்னு உள்ள உங்கம்மாகிட்ட அளுதிட்டிருந்தே. நான் வெளீல உக்காந்திருந்தேன், காதுல உளுந்துது. பாலே எம்பட பொளப்பு. எம்பட பேத்திக்குப் பால்ல கொறைன்னு ஒருத்தர் சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். அதுக்குன்னு இப்பிடிப் பண்ணிப்போட்டேன்."

நான் உள்ளே வந்துவிட்டேன். பாசத்தில் செய்தார் என்பதால் பிள்ளைக்கு வந்தது வராமல் போய்விடுமா? மனசு ஆறவில்லை. ஆனால் அந்த அழுகையை ஒருவர் வெளியே உட்கார்ந்து கேட்டு இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்தார் என்பதும் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு பாப்பாவின் டயப்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக என் கணவர் பையை எடுத்து வைத்துவிட்டார்.

பாப்பா கண்ணசந்து விழித்தாள். மறுபடி தொட்டேன். கதகதப்பாக இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன், நனைந்திருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. அந்த டயப்பரைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே ஓடினேன். மாமனார் அதை என் கையிலிருந்து வாங்கி, கனம் பார்த்து, "நல்லாத்தான் போயிருக்கறா" என்றார். பிறகு, "சித்தெ தண்ணி குடு அம்மணி" என்றார். செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சினார்கள். அடுப்பில் புதுப் பாத்திரம், சுற்றிலும் ஆட்கள். எதிர் வீட்டு அக்கா பட்டுப்புடவையில் தயாராக நின்றார். நாத்தனார் பால் பாக்கெட்டை அவரிடம் நீட்டியபோது மாமனார் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க" என்று அந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார். "எங்கூட்டுல இருந்து வந்திருக்கற பொம்பள எம்பட மருமகதானுங்க. அதுவே ஊத்தட்டும்."

பாக்கெட்டை என் கையில் வைத்தார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிரிக்கப் போனேன். "இரு அம்மணி" என்று தடுத்தார். பெட்டியிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்திருந்த சிறுவாணித் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கமாக நகர்த்தினார்.

"வெறும் பால் அடி பிடிக்கும். மொதல்ல தண்ணி ஊத்திக்க" என்றார். "எவ்வளவுன்னு உனக்குத்தான் தெரியும்."

தண்ணீரை முதலில் ஊற்றினேன். அதன் மேல் பாலை ஊற்றினேன்.