தேங்காய்ப்பால் மாவும் ஓம் சொன்ன வீடுகளும்

சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு கொழும்புக் கம்பனிகள் எங்கள் பக்கம் வந்து இறங்கின. அவற்றில் ஒன்றுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கப் பெண் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். பட்டப்பகலில் ஓர் ஆண் கல்முனைக்குடியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து அடுப்படி விசயம் விசாரிக்க முடியுமா? அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது, படிப்பினால் அல்ல. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போனபோது பள்ளிக்கூடம் அகதி முகாமானது. முகாம் கலைந்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. அந்த வகுப்பில் இருந்தால் காது நிறைய அலைச் சத்தம்தான், கணக்கு ஏறாது.

பயிற்சி நாளில் கொழும்பிலிருந்து வந்த சேர் ஒரு வார்த்தை சொன்னார். நன்றாகச் செய்கிறவர்களைக் கொழும்பு அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருத்தி, வந்த விடைகளை அலசிப் பார்க்கும் வேலைக்கு எடுப்பார்களாம். சேர்ட்டிபிக்கட் கேட்க மாட்டார்களாம். அந்தக் கதிரை எனக்கு வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு நித்திரை போனது. பேனை மை முடிந்துவிடுமோ, ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டேனோ என்று இரவில் எழுந்து படிவங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

புதிதாக வரப்போகும் பைக்கற் தேங்காய்ப்பால் மாவைப் பற்றித்தான் கேள்விகள். வெந்நீரில் கரைத்தால் பால். கடைக்கு வந்தால் வாங்குவீர்களா? முற்றத்தில் தென்னை நிற்கிற வீடுகளில் போய் இதைக் கேட்டேன்.

"ஓம் மகள், எடுப்பம். ஏன் எடுக்காம?"

எல்லா வீட்டிலும் ஓம்தான். கடைசித் தெருவில் ஒரு மாமி இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்: "ரெண்டு குடும்பம் எண்டு எழுது புள்ள. மூத்தவளும் மருமகனும் வேற அடுப்பு."

பிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டேன். "எங்களுக்கு ஏது கா அதெல்லாம்?" மூலையில் படுக்கை விரிப்புப் போர்த்திய உயரமான ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்பது கம்பனிக் கட்டளை. இல்லை என்று எழுதினேன்.

கடலுக்குப் பிறகு பேனையோடு வந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஊரில் நிவாரணத்துக்குப் பேர் பதியத்தான் வந்தார்கள். இருக்கிறது என்றவள் வெறுங்கையோடு நின்றாள். இல்லை என்றவளுக்குப் பாயும் சட்டியும் வந்தன. வேண்டாம் என்ற வீட்டை அடுத்த முறை தாண்டிப் போனார்கள். பக்கத்து ஊர் பாண்டிருப்பில் தமிழ் ஆட்களும் இப்படித்தான் பழகினார்கள், எங்கள் உம்மாவும் இப்படித்தான்.

"இது நிவாரணம் இல்ல மாமி, கம்பனி."

"ஓம் ஓம், எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்ற. அந்த வெள்ளைக்காரனும் சும்மா கேக்கத்தான் வந்த எண்டான். பிறகு தையல் மிசின் வந்திச்சி!"

சில வாரங்களில் சேர் வேனில் வந்து இறங்கினார். முகம் நன்றாக இல்லை.

"ஒரு வீட்டுலயும் வேணாம் எண்டு வரல்லையே தங்கச்சி. வீட்டுல குந்திக்கொண்டு நிரப்பினதா?"

"அல்லாஹ் அறிய ஒவ்வொரு வீடா ஏறி இறங்கினன் சேர்."

"அப்ப வாங்க, போய்ப் பாப்பம்."

மாமியின் தெருவிலிருந்தே தொடங்கினார். யாராவது ஒருத்தி உண்மையைச் சொல்லி, முற்றத்தில் தென்னை நிற்க அந்த மாவை யார் வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டால், நான் கள்ளி. ரப்பே, எல்லாரும் பொய்யே சொல்ல வேண்டும் என்று துஆக் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

சொன்னார்கள். சப்பாத்துப் போட்ட பெரியவரே நேரில் வந்திருக்கிறார் என்று முன்பைவிட உரத்துச் சொன்னார்கள். மாமி கதிரை துடைத்துப் போட்டு, தேத்தண்ணியும் கொடுத்து, "ரெண்டு குடும்பத்துக்கும் எடுப்பம் சேர்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. படலையைத் தாண்டும்போது மாமி என் கையைப் பிடித்து இழுத்தார். அவருடைய குசுகுசுப்பு அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

"சாமான் எப்ப கா வரும்? பள்ளிவாசலடியிலயா குடுப்பாங்க?"

சேர் நின்றார். "என்ன சாமான்?"

மாமிதான் விளக்கினார், தையல் மிசினிலிருந்து தொடங்கி. சேர் தெருவில் நின்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு வேனுக்குள் ஏறி யாருடனோ போனில் சிங்களத்தில் கதைத்தார்.

"நீங்க கள்ளம் செய்யல்ல. எழுதிக் குடுக்கிறன். ஆனா இந்தக் கரைப் பக்கத்த முழுசாக் கணக்கெடுப்புல இருந்து நீக்கச் சொல்லிட்டாங்க. இங்க கேட்டு வேலையில்ல."

"அப்ப கொழும்பு ஒபிஸ், சேர்?"

"உங்கட பகுதியே இல்லாமப் போச்சே தங்கச்சி, அதுல உங்கள என்னெண்டு எடுக்கிற?"

கள்ளம் செய்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நல்ல பெயரைக் கையில் தந்துவிட்டு வேன் போய்விட்டது.

அந்த நல்ல பெயரும் ஊருக்குள் நிற்கவில்லை. சாமான் வரவில்லை, பேர் பதிந்தவள் நான். "எல்லாம் அவள்ட ஊட்டுக்குத்தான் போயிருக்கும்" என்று கலியாண வீட்டில் உம்மாவின் காதுபடவே பேசினார்கள். ஒருத்தி உப்புக் கேட்கும் சாட்டில் வந்து எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில், பில்களைக் கணினியில் ஏற்றி எந்தச் சாமான் எப்போது ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை கிடைத்தது. இன்றைக்கு நான் செய்யும் தொழில் அங்கேதான் தொடங்கியது. வாங்கியவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அவர்கள் என்ன வாங்கினார்கள் என்பது மட்டும் தெரியும். அது போதும் என்று இருக்கிறேன்.

மாமி மௌத்தானபோது அந்த மரண வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். பக்கத்தில் இருந்தவள் என் காதுக்குள் கேட்டாள்.

"இனி என்ன கா, மறைக்காமச் சொல்லு. அந்தச் சாமான் வந்ததுதானே?"

"வரல்ல" என்றேன்.

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் மற்றப் பக்கம் திரும்பி இருந்தாள்.