இரண்டாவது பொட்டலம்

செம்பூரில் ஒரு பல் கிளினிக்கில் பதினோரு வருஷமாகக் கூட்டித் துடைக்கிறேன். அதனால் யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பேன். வாஷியில் அந்த ஏஜென்ட்டைப் பார்த்தபோதும் அப்படித்தான். முன்பல் ஒன்றுக்கு உறை மாதிரி கேப் போட்டிருந்தார். ஈறு ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. மட்டமான கேப் போட்டால் சில வருஷத்தில் அப்படிக் கோடு விழும். பல் டாக்டருக்குப் படிக்கப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற மனுஷன் தன் வாயில் இருக்கிற ஒரு பல்லை ஒழுங்காகக் கட்டிக்கொள்ளக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. என் சந்தேகம் அந்தப் பல்லில்தான் ஆரம்பித்தது.

எங்கள் மகள் ஒரே பிள்ளை. தாராவியில் பிறந்து தாராவியில் வளர்ந்தவள். பள்ளிக்கூட லீவில் என்னோடு கிளினிக்குக்கு வருவாள். நான் தரை துடைக்க, அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து டாக்டரம்மா வேலை செய்வதையே பார்ப்பாள். பல் டாக்டர் ஆகணும் என்ற எண்ணம் அங்கே பிடித்ததுதான். ஆனால் மார்க் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி காலை வாரியது. நீட் இரண்டு தடவை எழுதினாள். பாஸ் கோட்டைத் தாண்டினாள், அவ்வளவுதான். இங்கே சீட் கிடைக்கிற மார்க் அது இல்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் தோல் பை பட்டறையில் யாரோ அந்த ஏஜென்ட்டைப் பற்றிச் சொன்னார்கள்.

முதல் தடவை மூன்று பேரும் போனோம். ஏஜென்ட் தமிழ் ஆள்தான். ஏஸி அறை, சுவர் முழுக்கப் பல தேசத்துக் கொடிகள்.

"அக்கா, மார்க்கைப் பத்தி டென்ஷனே எடுக்காதீங்க. அங்க மார்க்கெல்லாம் பாக்கவே மாட்டாங்க."

"மார்க்கைப் பாக்காம வேற எதைப் பாப்பாவ?" என்றேன்.

"ஆர்வத்தைப் பாப்பாங்க அக்கா. பாப்பா கண்ணுலயே தெரியுதே!"

மகள் மார்க் ஷீட்டின் ஜெராக்ஸை நீட்டினாள். அவர் அதை வாங்கி மேஜையில் வைத்து, அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார். ஒரு வரி படிக்கவில்லை. பத்து நாளில் பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் இரண்டையும் கொண்டுவந்து கொடுக்கணும், அந்த வாரம் அங்கே கிளாஸ் ஆரம்பிக்கிறது, அதற்குப் பிறகு இடம் இல்லை என்றார். ஒரு தேசத்தின் பெயரும் சொன்னார். என் வாயில் நுழையவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவர்களுடையது. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒரிஜினலை மட்டும் யார்ட்டயும் குடுத்துடாதேள். காலேஜ் பேரை எழுதி வாங்கிண்டு வாங்கோ, பாக்கறேன்" என்றார். போனில் ஏஜென்ட்டிடம் பெயர் கேட்டேன். "நாலஞ்சு காலேஜ் இருக்கு அக்கா, எது பெஸ்டோ அதுல போடுவோம்" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"ஒனக்கு எல்லார் மேலயும் ஷக், சந்தேகம். பால்காரன் மேல ஷக், கேஸ்காரன் மேல ஷக். எல்லாரும் என்னைய ஆகாது ஆகாதுன்னுதான் சொல்லுதாங்க. அவரு ஒருத்தர்தான் ஆகும்னு சொன்னாரு. அது ஒனக்குப் பொறுக்கல!"

"பிள்ளைக்கு ஒரு வழி கெடைக்கி. அதையும் ஏன் நோண்டுத?" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டு பேருக்கும் நடுவில் என்னால் பேசி ஜெயிக்க முடியாது. நான் எட்டாவதுதான். ஆனால் எனக்கு அம்மன் உண்டு. நல்லது கெட்டது எதுவானாலும் அவளிடம் சொல்லாமல் செய்ததில்லை. "செவ்வாக்கெழமை பூ போட்டுப் பாப்போம். அவ சொன்னபடி செய்வோம்" என்றேன். இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

பூ போட்டுப் பார்ப்பது எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி தாளில் மடித்து நூல் சுற்றி அம்மன் முன்னால் போடணும். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மன் வாக்கைச் சோதித்த பாவம். அதை அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடணும்.

செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து, விளக்கேற்றி, பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன். முன்னால் வெள்ளை அரளியும் செவ்வரளியும் இருந்தன. அந்தக் கறுப்புக் கோடு போட்ட பல் ஞாபகம் வந்தது. மார்க் ஷீட் மேல் வைத்த டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. என் பிள்ளை அறியாத ஊரில் போய் ஏமாந்து நிற்பது போலவே தெரிந்தது. எழுதவே கூசுகிறது, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பை வைத்துக் கட்டினேன். வெள்ளைப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். "தாயே, நீயும் இதைத்தான் சொல்லப் போற, நான் கொஞ்சம் முந்திக்கிட்டேன்" என்று கும்பிட்டேன். பொட்டலத்தைப் பூஜைத் தட்டில் வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனேன்.

கோயில் எங்கள் சந்து முனையில்தான். வரிசையில் நின்ற ஒருத்தியின் சின்ன மகளைப் பூசாரி கூப்பிட்டார். அது மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி நூலை அறுத்துத் தாளை விரித்தார்.

வெள்ளை.

என் கையால் கட்டியது. இரண்டும் சிவப்பு. "உத்தரவாயிட்டு!" என்று வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அப்படியே தரையில் விழுந்துவிட்டேன். நான் செய்த திருட்டுத்தனத்தை அம்மன் பார்த்துவிட்டாள், பூவின் நிறத்தையே மாற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைக்க? யாரிடம் கேட்க? கேட்டால் நான் செய்ததைச் சொல்லணும். இரண்டாவது பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு பொழுது இருந்தேன், விளக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். மகள் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எதுக்கும்மா இவ்ளோ அழுத?" என்பாள். "சந்தோஷம்ட்டி" என்பேன்.

ஒரிஜினல் கொடுக்கிற நாள் வந்தது. வீட்டுக்காரருக்குப் பட்டறையில் லீவு இல்லை. நானும் அவளும் செம்பூரில் ரயில் ஏறினோம். லேடீஸ் பெட்டியில் அன்றைக்கு நிற்கவே இடமில்லை. வாஷிக்கு முன்னால் ரயில் கடல் தண்ணீருக்கு மேலே நீளப் பாலத்தில் போகும். கோயில் பூவை அங்கே போடுகிறவர்கள் உண்டு. நானும் பொட்டலத்தைப் போடலாம் என்று கொண்டுபோனேன். ஜன்னல் பக்கம் நெருங்கவே முடியவில்லை.

ஏஜென்ட் எங்களைப் பார்த்ததும் லேப்டாப்பைத் திருப்பினார். "காலேஜ் வீடியோ வந்திருக்கு அக்கா. பாருங்க, அசந்துருவீங்க."

பளபளவென்று ஒரு ஹால். இருபது டென்டல் சேர். வெள்ளைக் கோட்டில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குச் சேர் கண்ணில் படவில்லை, தரைதான் கண்ணில் பட்டது. என் பிழைப்பே தரை. எங்கள் கிளினிக்கில் ஒரு சேருக்குத் தரையிலிருந்து குழாயும் வயருமாக ஏறும். தண்ணீர் வர ஒன்று, போக ஒன்று, காற்றுக்கு ஒன்று. அதைச் சுற்றித் துடைத்தே என் முழங்கால் தேய்ந்தது. இங்கே இருபது சேருக்கும் கீழே ஒரு குழாய் இல்லை. தரை சும்மா மொழுமொழுவென்று கிடந்தது.

ஒரிஜினல் இருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். அம்மன் போ என்கிறாள். கண் போகாதே என்கிறது. அம்மன் பேச்சை மீறக் கூடாது, ஆனால் கேள்வி கேட்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே.

"தம்பி, அந்தத் தொட்டியில துப்புனா எங்க போவும்?"

"என்னக்கா?"

"வாய் கொப்பளிச்சுத் துப்புவாங்கல்லா. அதுக்கு ஒரு குழாயும் காணோமே."

"புது பில்டிங் அக்கா. கனெக்‌ஷன் குடுத்துட்டிருக்காங்க."

"அப்போ இந்தப் பிள்ளைங்க எதுல படிக்குது?"

சிரித்தார். கறுப்புக் கோடு தெரிந்தது. "நீங்க ஜாலியான ஆளுக்கா."

"அங்க படிக்கிற ஒரு பிள்ளைக்கு இப்ப போன் போடுங்க. ஒரே ஒரு சேர்ல தண்ணிய தொறந்து காட்டட்டும். பாத்துட்டு ஒரிஜினல தந்திருதேன்."

"இப்ப அங்க லீவு அக்கா."

"கிளாஸ் இந்த வாரம் ஆரம்பிக்குன்னு சொன்னீங்களே."

அவர் என்னை விட்டுவிட்டு மகளிடம் திரும்பி, "அம்மாவுக்குப் புரியாது பாப்பா, நீ பையைக் குடு" என்றார். மகள் கையை நீட்டியிருந்தால் கொடுத்துவிட்டிருப்பேன். நிஜமாகச் சொல்கிறேன், அவ்வளவு பயந்திருந்தேன் அம்மனுக்கு. ஆனால் அவள் எழுந்து நின்று, "சலோ அம்மா. நாளைக்கு வரலாம்" என்றாள்.

அதுதான் எனக்குப் புதுச் சந்தேகம். தட்டைத் தள்ளிச் சண்டை போட்ட பிள்ளை, இங்கே வாயைத் திறக்கவில்லை, என்னை முறைக்கவும் இல்லை.

திரும்பும்போது ரயில் காலி. ஜன்னல் ஓரம் கிடைத்தது. பாலம் வந்ததும் பொட்டலத்தை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அதப் போடாத. தொறந்து பாரு."

"தொறக்கப்படாதுட்டி. பாவம்."

"அதுலயும் வெள்ளைதான்ம்மா."

எதிர் சீட்டில் கிளிப் விற்கிற பெண் எங்களையே பார்த்தாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே வச்சேன். நீ சேலை மாத்தப் போனல்ல, அப்ப. ஓடிப் போயி கடைசி வீட்டு ஆச்சிட்ட ரெண்டு வெள்ளைப் பூ கேட்டு வாங்குனேன்."

"அப்போ நான் வச்சது?"

"நீ வச்சது ரெண்டும் செகப்புல்லா."

ரயில் பாலத்தில் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது.

"எதுல வெள்ளைன்னு பாத்து ஒரு அடையாளம் வைக்கத்தான் தொறந்தேன்" என்றாள். "ரெண்டும் செகப்பு. அரே, சாமிகிட்டயே ஃபிராடு பண்ணுற அளவுக்கு ஒனக்கு எம்மேல நம்பிக்கை இல்லையான்னு ஆயிட்டு. நீயும் என்னைய ஆகாதுன்னுதான் நெனைக்கேன்னு. அதான் ரெண்டுலயும் வெள்ளைய வச்சேன்."

"ஒம்மேல இல்லட்டி. அந்தாள் மேல."

"அத எங்கிட்ட நேரா சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேனே! ஷக்குன்னியே!" பிறகு எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை நாளா விளக்கு முன்னால கெடந்து அழுதேன், பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"எப்படிச் சொல்ல? நீ அம்மன் பூவையே மாத்திட்டான்னு விழுந்து கும்பிடுத. சொன்னா ரெண்டு பேரும்லா மாட்டுவோம்!" சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். "அந்தச் சேர நானும் பாத்தேம்மா. சின்னப் பிள்ளையில இருந்து அந்தக் குழாயத் தாண்டித் தாண்டித்தானே ஒங்கூட நடந்தேன். நீ ஒரிஜினல குடுத்துருவியோன்னு பயமாப் போச்சு. குடுத்தா அது அம்மன் சொல்லிக் குடுத்ததில்ல, நான் சொல்லிக் குடுத்தது."

பேச்சில் பாலம் போயே போய்விட்டது. அடுத்த ஸ்டேஷன் மான்குர்டு வந்தபோதும் பொட்டலம் என் கையில்தான் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அதை அம்மன் காலடியில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். பக்கத்தில் அவளும் நின்றாள். அம்மனுக்குத் தெரியாததா. இருந்தாலும் வாயால் சொல்லணும்.

அதன் பிறகு அவளே டாக்டரம்மா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நேராகக் காலேஜ்களுக்கு எழுதினாள். எங்கே படித்துவந்தால் இங்கே பரீட்சை எழுதி வேலை பார்க்கலாம் என்று டாக்டரம்மா பார்த்துச் சொன்னார். மார்க்கை மறைக்கவில்லை. கெமிஸ்ட்ரியில் ஏன் குறைந்தது என்று ஒரு பக்கம் எழுதினாள். "என்னட்டி எழுதுன?" என்று கேட்டதற்கு, "பயந்தேன்னு எழுதினேன்" என்றாள். இரண்டு இடத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் கம்ப்யூட்டரிலேயே பார்த்துப் பேசணும் என்றார்கள். ஒரு மணி நேரம் குடைந்து குடைந்து கேட்டார்கள், பாதிக்கு மேல் கெமிஸ்ட்ரி. எனக்கு அதுவே கொஞ்சம் திருப்தி. கடைசியில் உனக்கு எதுவும் கேட்கணுமா என்றார்கள். நான் படத்தில் தெரியாமல் ஓரமாக நின்று ஜாடை காட்டினேன். அவள் கேட்டாள். கேள்வி கேட்ட அம்மாள் சிரித்துவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு நடந்து, ஒரு சேரில் தண்ணீரைத் திறந்து காட்டினாள். தண்ணீர் வந்தது. பின்னால் யாராவது வாளியோடு நிற்கிறார்களோ என்று தரையைப் பார்த்தேன். குழாய் இருந்தது. அதைச் சுற்றி அழுக்கும் இருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு வருஷம் கெமிஸ்ட்ரியும் மற்றதும் படிக்கணும், அதில் பாஸானால்தான் பல் படிப்பு என்று கடிதம் வந்தது. சேர்கிற பிள்ளை நேரில் ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, திரும்பக் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அந்த வரியை டாக்டரம்மாவை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எதுக்கும் ஒரு தடவை பூ போட்டுப் பாத்துருவமா?" என்றார்.

"வேண்டாம்!" என்றோம் நானும் அவளும், ஒரே நேரத்தில்.

"ஏன், அம்மன் மேல நம்பிக்கை இல்லையா ரெண்டு பேருக்கும்?"

அவள் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள். நான் விளக்கைத் தூண்டிவிட்டேன். அவள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக இரண்டு பெரிய பை வாங்கணும் என்று பேச்சை மாற்றினேன். "பை நான் தைப்பேன்" என்றார், தைத்தும் கொடுத்தார்.

அவள் போய் ஏழு மாசம் ஆகிறது. கெமிஸ்ட்ரி ஓடுகிறது என்கிறாள். நான் நம்பவில்லை. வாராவாரம் விடைத்தாளைக் காட்டச் சொல்லுகிறேன். பூ சமாசாரம் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. அவர் தமிழ் வாசிப்பார். இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.