தூக்கிக் கட்டிய படையல்

இராசம்மா அக்காவோடு காட்டுக்குப் போனால் சட்டைப் பையில் ஒரு புளிப்பு மிட்டாய்கூட வைத்துக்கொள்ள முடியாது. பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் நிறுத்தி வைத்து, கையை நீட்டி வாங்கிவிடுவார். பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பவுடர், எல்லாம் போகும். "இதையெல்லாமா கரடி தின்னும்?" என்று கேட்டால், "தின்னாது. தேடி வந்து மோந்து பாக்கும், உன் மூஞ்சியையும் சேர்த்து" என்பார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவருக்குக் கரடியக்கா என்றே பேர். பேர் வைத்தவள் நான்தான்.

நான் குமுதா. ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் அக்காவும் நானும் அடுத்தடுத்த வீடு. வார நாளில் கொழுந்து வெட்டுகிறோம். சனி ஞாயிறில், மலையேற வரும் பட்டணத்து ஆட்களுக்குக் காட்டுக்குள் சமைத்துப் போடுகிறோம். அக்காவின் புருஷன் சாமிநாதன் அண்ணன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். அண்ணனுக்கு இடது காது பாதிதான் இருக்கும். தோளில் கை வைத்தால் பள்ளம் தட்டுப்படும். கரடி போட்ட பள்ளம்.

அது சில வருஷங்களுக்கு முன் நடந்தது. சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் விறகு பொறுக்கப் போயிருக்கிறார்கள். அண்ணன் முதலில் திரும்பி வந்தபோது கரடி பையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் காட்டுக் கரடி ஆள் உயரம்கூட இருக்காது. நெஞ்சில் மஞ்சளாக ஒரு பட்டை. பார்த்தால் கொஞ்சத் தோன்றும். நகம் மட்டும் விரல் நீளம். தின்கிற நேரத்தில் யாராவது குறுக்கே வந்தால் அவ்வளவுதான். அண்ணன் குப்புற விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டதோடு சரி, அதற்கப்புறம் அவருக்கு நினைவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சமைப்பதைவிடச் சமைத்ததைப் பத்திரப்படுத்துவதுதான் பெரிய வேலை. அடுப்பும் சாப்பாடும் ஓடைக்குக் கீழே. கூடாரம் நன்றாகத் தள்ளி, மேலே. மிச்சம் மீதி, நெத்திலிப் பொட்டலம், சட்டி துடைத்த துணி எல்லாம் நீலப் பிளாஸ்டிக் தோங்குக்குள், அதாவது பீப்பாய்க்குள், போகும். மூடிக்கு இரும்பு வளையம் போட்டு இறுக்குவார். தோங்கை மரத்தில் கட்டினாலும் போதாது. இந்தக் கரடி மரத்தில் நம்மைவிட வேகமாக ஏறும். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, நட்ட நடுவில் அந்தரத்தில் தொங்கவிட வேண்டும். அந்தக் கயிற்றை நாங்கள் இழுக்கும்போது அக்கா போடும் அதட்டல் பிரிஞ்சாங் சந்தை வரைக்கும் கேட்கும்.

அண்ணனுக்கு வேறொரு வழக்கம். உயிர் பிழைத்த நன்றிக்கு, மேலே ஏறும்போதெல்லாம் ஓடையோரத்து முனியாண்டி கல்லுக்குப் படையல் வைப்பார். பஞ்சாமிர்தம், வாழைப்பழம், தேன் ஊற்றிய அவல். இலை போட்டு, சூடம் காட்டி, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். காலையில் இலை துடைத்து வைத்தது போல இருக்கும். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சாமி ஏத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு, இறங்கும் வழியெல்லாம் சீட்டியடிப்பார்.

எங்களுக்குக் கண் இல்லையா? கல்லைச் சுற்றி ஈர மண்ணில் நகத் தடம். ஆனாலும் அக்கா வாயைத் திறக்கவில்லை. ஊரையே திட்டித் தீர்க்கிறவர், இந்த விஷயத்தில் மட்டும் பயந்தார். "அந்த நம்பிக்கையிலதான் மனுஷன் மறுபடி காட்டுக்குள்ள கால் வச்சாரு. அதைப் போய் எப்படிடி பிடுங்கறது?" என்பார்.

போன மாதம் லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில் அதே நகக் கீறலைப் பார்த்தோம். பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம். நம் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி வாசலுக்கே வரும். வந்தால் ஒரு பிள்ளை அடிபடும், இல்லாவிட்டால் கரடி எவன் கண்ணியிலாவது மாட்டிச் சாகும். சொன்னால் புருஷன் மனசு உடையும், சொல்லாவிட்டால் ஓர் உயிர் போகும். அக்காவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்த கூட்டத்தில் திருச்செல்வம் என்று ஒரு வாயாடி. அக்கா அவருடைய தூங்கும் பையை உதறியதில் ஒரு பொட்டலம் முறுக்கு விழுந்தது.

"அக்கா, வெறும் முறுக்குதான்லா! பசிச்சா நான் எங்க போறது?"

"பசிச்சா தண்ணி குடிங்க சார். முறுக்கு தோங்குக்குள்ள."

அண்ணன் அப்போதுதான் படையல் வைத்துவிட்டு வந்திருந்த ஓடைப் பக்கம் அவர் கையைக் காட்டினார். "அப்ப அந்தப் பஞ்சாமிர்தம் மட்டும் கீழ இருக்கலாமா?"

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. நேராக அண்ணனிடம் போனார்.

"இன்னைக்குப் படையலையும் தூக்கிக் கட்டணுங்க. அதைத் தின்னுறது சாமி இல்ல. கரடி."

அண்ணன் விறகை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னது?"

"ஆரம்பத்துலேயே தெரியும் ராசு. நானும் தடத்தைப் பாத்தவன்தானே. அன்னைக்கு அது நெனச்சிருந்தா என்னைக் கிழிச்சுப் போட்டிருக்கும். பொழைச்சுப் போன்னு விட்டுட்டுப் போச்சு. முனியாண்டிதான் அது மனசுல புகுந்திருக்காரு. அதான் வைக்கிறேன்."

"அதுவா விட்டுச்சு?" அக்கா குறுக்கே பாய்ந்தார். "தோளைக் கவ்விக்கிட்டுத் தரதரன்னு இழுத்துச்சுங்க! நான்தான் குண்டான் மூடியைக் கட்டையால அடிச்சுக்கிட்டு அது மூஞ்சிக்கு நேரா ஓடினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அப்புறந்தான் ஓடுச்சு. குப்புறக் கிடந்த உங்களுக்கு என்ன தெரியும்?"

"நீ சொல்லவே இல்லையே?"

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் சாமி காப்பாத்துச்சுன்னு கையெடுத்துக் கும்பிட்டு அழுதீங்க. நடுவுல நான் என்னத்தச் சொல்ல? இப்பச் சொல்றேன், அது கொய்யா மரம் வரைக்கும் வந்துடுச்சு. நன்றி நன்றின்னு நீங்களே அதைக் கூட்டிட்டு வர்றீங்க."

எனக்கே இது அன்றுதான் தெரியும். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு என்ன தெரிந்துகொண்டேன் நான்? கரடியக்கா என்று பேர் வைத்ததுதான் மிச்சம்.

அண்ணன் எழுந்து கல்லடிக்குப் போனார். மறுபடி சூடம் ஏற்றி, அது அணையும் வரை நின்றார். கும்பிட்டுவிட்டு இலையை மடித்து எடுத்து வந்து, தன் கையாலேயே தோங்குக்குள் வைத்தார். கயிற்றையும் அவரே இழுத்தார். அக்கா அன்று அதட்டவே இல்லை.

காலையில் தோங்கை இறக்கினோம். கல்லைச் சுற்றிப் புதுத் தடம். கரடி வந்து மோந்து பார்த்துவிட்டு, வெறுங்கையாகக் காட்டுப் பக்கமே திரும்பிப் போயிருந்தது. கூடாரப் பக்கம் ஒரு தடமும் இல்லை. அண்ணன் இலையைப் பிரித்து, பஞ்சாமிர்தத்தில் முதல் கையை அள்ளினார். கல்லுக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன்.

அவரோ அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"இந்தா ராசு. இத்தனை நாளா ஆள் மாத்தி வச்சுட்டேன்."

"இன்னும் பல்லே விளக்கலைங்க" என்றார் அக்கா. ஆனாலும் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். அங்கேயே நின்று, அழுதுகொண்டே தின்றார்.