அந்தப் படத்தின் முடிவை நான் ஒப்புக்கொள்ளவில்லை

சிறுவயதுச் சிநேகிதத்தைப் பற்றி இதற்கு மிஞ்சி ஒரு படம் வரவில்லை என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒரு பழைய படத்தைச் சொல்வார்கள். நானும் சொல்வேன். எனக்கு மனதாரப் பிடித்த ஒரே படமும் அதுதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அதைப் போட்டபோது, தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, கடைசிக் காட்சிக்கு முன்னால் எழுந்துபோய் டிவியை அணைத்தவளும் நான்தான். பக்கத்து வீட்டம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

கதை இவ்வளவுதான். ஏரிக்கரை ஊரில் இரண்டு பையன்கள். ஒருவன் ஸ்டேஷன் மாஸ்டர் மகன், இன்னொருவன் ஏரியில் மீன் பிடிப்பவரின் மகன். இருவருக்கும் ஒரே சைக்கிள். ஒருவன் அடி வாங்கினால் இன்னொருவன் அழுவான். பிறகு ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாற்றல் வருகிறது. இருபது வருஷம் கழித்து அந்த மகன் அதிகாரியாகி அதே ஊருக்குக் காரில் வருகிறான். கரையில் கூடையோடு நிற்கிற பழைய நண்பனைப் பார்க்கிறான். அவனும் இவனைப் பார்க்கிறான். கார் போய்விடுகிறது. குழந்தைப் பருவத்தோடு சிநேகிதமும் முடிந்துபோகும், அதில்தான் அழகு இருக்கிறது என்று படம் நம்மை நம்ப வைக்கிறது. அழகாம்!

இந்த முடிவு படத்தில் இருப்பதே எங்களுக்கு நான்கு வாரம் தெரியாது. எங்களுக்கு என்றால் எனக்கும் என் சிநேகிதிக்கும். கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் இருக்கிற எங்கள் கிராமத்திலிருந்து திருவண்ணாமலை பெண்கள் பள்ளிக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போய் வந்தோம். ஒன்பதாம் வகுப்பு. சனிக்கிழமை பள்ளி அரை நாள்தான். ஸ்பெஷல் கிளாஸ் என்று இரண்டு வீட்டிலும் புளுகிவிட்டு வாராவாரம் அதே படத்தின் மதியக் காட்சிக்குப் போனோம். புளுகியது நான். அவள் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஜைனர் வீட்டுப் பெண். எங்கள் ஊர் ஜைனர்கள் எங்கிருந்தோ வந்து கடை போட்டவர்கள் இல்லை. எங்களைவிடப் பழைய குடிகள், எங்களைப் போலவே நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை உள்ளே போகாது. சாயங்காலச் சாப்பாட்டைத் தவறவிட்டால் விடியும்வரை பட்டினி. மகள் சாப்பிட வரவில்லை என்றால் அந்த வீட்டில் கேள்வி கிளம்பும். கேள்வி கிளம்பினால் சினிமா வெளிவரும். அதனால் தியேட்டரில் பெண்கள் பக்கத்துக் கதவை ஒட்டியே உட்காருவோம். அவள் அடிக்கடி எழுந்துபோய்த் திரைச்சீலையை விலக்கி எதிர்ச்சுவரைப் பார்ப்பாள். மலையின் நிழல் அந்தச் சுவரில் ஏறிவிட்டால் பொழுது போகப்போகிறது என்று அர்த்தம். உடனே கிளம்பிவிடுவோம். ஸ்டேஷன் மாஸ்டர் சாமான் கட்டுகிற இடத்தோடு எங்களுக்குப் படம் முடிந்துவிடும். மீதியைப் பஸ்ஸில் நாங்களே சொல்லிக்கொள்வோம். அவள் சொன்ன முடிவில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சைக்கிள் கடை வைத்தார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை. படத்துக்கு அதுதான் கடைசி நாள். அவள் கதவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நெழல் வந்துட்ச்சு. கெளம்புடி."

நான் அவளுடைய தாவணியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "இன்னைக்கு உட்டா இனிமே எப்பவும் பார்க்க முடியாதுடி."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி. வவுறு வலின்னு சொல்லிட்டு பட்டினியா படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

பார்த்தோம். கார் கிளம்பியபோது நான் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு, "எறங்குடா! எறங்கிப் பேசுடா!" என்று கத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பி முறைத்தார்கள். அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை.

வெளியே வந்தால் ஊர் முழுக்க நிழல். பொழுது போய்விட்டது என்றே இருவரும் நினைத்தோம். ஆனால் பஸ் ஊரைத் தாண்டி நாலைந்து மைல் வந்ததும் ஜன்னல் வழியாக வெயில் அவள் முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்த்தோம். சூரியன் மலைக்கு ஒரு பக்கமாகச் சிவப்பாக, முழுசாக நின்றுகொண்டிருந்தது! மலை மறைத்ததைத்தான் இத்தனை வாரமும் பொழுது சாய்ந்ததாக நினைத்துப் பாதிப் படத்தில் ஓடி வந்திருக்கிறோம். என் பையில் வறுத்த வேர்க்கடலை இருந்தது. அவள் அதைப் பிடுங்கி, தோலைக்கூட ஊதாமல், சிரித்துக்கொண்டே வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி சாப்பிட்டதை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பஸ் வழியெல்லாம் நின்று நின்று வந்ததில், ஊரில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. அவளுடைய அப்பா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

"சாப்டியாமா?" என்று முதலில் கேட்டார்.

"பொழுது இருக்கச்சவே சாப்ட்டேன்பா. பஸ்ல."

"இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

ஸ்பெஷல் கிளாஸ் என்றே சொல்லியிருக்கலாம். சாப்பிட்ட சந்தோஷத்தில் அவளுக்கு அது மறந்துபோனது. நான் வாயைத் திறப்பதற்குள், "சினிமாவுக்குப்பா" என்று சொல்லிவிட்டாள்.

சினிமா பார்த்தது ஒரு குற்றம் என்றால், பொழுது போனபின் சாப்பிட்டு விரதம் கெட்டதாக அவர் நினைத்தது அதைவிடப் பெரிய குற்றமாகிவிட்டது. சந்தைக்குப் போகும்போதெல்லாம் மலை நிழல் விழுவதற்குள் சாப்பிட்டுவிடுகிற மனிதர் அவர். "திருவண்ணாமலைல பொழுது எப்போ போவும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். மலைதான் மறைத்தது, இந்தப் பக்கம் வந்தால் சூரியன் இருந்தது என்று நான் கையை நீட்டி நீட்டிச் சொன்னேன். அந்த இருட்டில் எதைக் காட்டுவது? எனக்கு வீட்டில் துடைப்பத்தால் அடி விழுந்தது. திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போனேன். அவள் வரவில்லை. வந்தவாசிப் பக்கம் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பு அதோடு சரி. தாவணியைப் பிடித்து இழுத்தவள் படித்தாள், உட்கார்ந்தவள் படிக்கவில்லை. இந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவள் கல்யாணத்துக்கும் அழைப்பு வரவில்லை. என்மேல் கோபம், நியாயமான கோபம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பத்து வருஷம் ஓடிவிட்டது. நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் ஆனேன்.

ஒரு நாள் மத்தியானம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில், கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த வந்தவாசி பஸ்ஸின் ஜன்னலில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் புருஷன். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் நகர ஆரம்பித்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ எடுத்த படத்தின் கடைசிக் காட்சியை என் வாழ்க்கையில் ஓட்டிப் பார்க்க நான் விடுவேனா? ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து ஏறினேன். நேராக அவள் சீட்டுக்குப் போய் அவள் புருஷனிடம், "கொஞ்சம் எழுந்திரிங்க" என்றேன். பாவம், எதற்கு என்றுகூடக் கேட்காமல் எழுந்துவிட்டார்.

"எங்கம்மா போவணும்?" என்றார் கண்டக்டர்.

"இவ எங்க எறங்குறாளோ அங்க."

உட்கார்ந்தேன். அவள் திரும்பவில்லை.

"எம்மேல கோவமாடி? உன் படிப்பக் கெடுத்தவ நான்தான்."

"படிப்பக் கெடுத்தது எங்கப்பா. அதுக்கு நீ ஏன் பழியத் தூக்கிக்கற?" என்றாள். பிறகுதான் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "லெட்டர் ரெண்டும் மாமா கைக்குத்தான் போச்சு. பிரிச்சிப் பார்த்துட்டு அடுப்புல போட்டாரு. அது போவட்டும். லெட்டர் போட்டியே, வந்தியா? ரெண்டு மணி நேரம் பஸ்ஸு. கார்ல போனவன அன்னைக்கு அவ்ளோ திட்டுனியே. கரையில நின்னவன் மட்டும் இன்னா, கூப்ட்டானா?"

அவளுக்குக் கோபம், அது நியாயம் என்று சொல்லிக்கொண்டு பத்து வருஷமாக நானும் கரையில் சும்மா நின்றிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லாமல் போனதற்கு ஆபீஸில் என்ன செய்வார்களோ செய்துகொள்ளட்டும் என்று வழி முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு இது? இன்னா விஷயமா வந்திருக்குது?"

"விஷயம் ஒண்ணும் இல்லைங்க. இவளோட சிநேகிதி. இனிமே அடிக்கடி வருவேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.