லிஃப்ட்காரர் காதால் பார்த்த தொடர்

டெய்லரம்மாவுக்குச் சண்டைப் படம் என்றால் வேப்பங்காய். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தையல் மெஷினை உறை போட்டு மூடிவிட்டு, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் சொன்ன சூப்பர் ஹீரோ தொடரை ஹால் டிவியில் ஓடவிட்டாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தானே ஆகவேண்டும்.

அவளுக்கு வாய்த்த பேய் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. பார்த்து என்று சொல்வது பேச்சுக்குத்தான். சர்க்கரை வியாதி அவர் கண்ணை வாங்கிக்கொண்டுவிட்டது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி நின்றாலும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர், இப்போது சாப்பிடவும் குளிக்கவும் மட்டும்தான் அறையை விட்டு வருவார். "குருடனுக்கு எதுக்கு டிவி" என்று ஒரு தடவை சொன்னார். அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இப்படியே விட்டால் மனிதர் சுவரோடு சுவராகிவிடுவார் என்று அவளுக்குப் பயம். மகளுக்கும் அதே பயம்தான். சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து முகமூடி வீரர்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

"நான் பாத்துச் சொல்றேன். நீங்க சும்மா வந்து உக்காருங்க. பாப்பா கேப்பா, எப்படி இருக்குன்னு."

மகள் பெயரைச் சொன்னதும் எழுந்து வந்தார். சோபாவின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்தார்.

"கறுப்பா மேலங்கி போட்டிருக்கான்" என்று அவள் ஆரம்பித்தாள். "முதுகுல தையல் இழுத்துக்கிட்டு நிக்குது. அளவு எடுக்காமலே வெட்டிட்டாங்க போல. அக்குள்ல துணி விடவே இல்ல. கையத் தூக்கினா கிழிஞ்சிரும்."

"அவன் என்ன பண்றான்?"

"மொட்டை மாடியில நிக்கிறான். மழை பெய்யுது."

"அதச் சொல்லு. கதை கேட்டா ஜாக்கெட் கணக்குச் சொல்றா."

அடுத்து அடிதடி வந்தது. அந்த வீரன் ஒருவனைச் சுவரில் வைத்து நசுக்கினான். ஊரைக் காப்பாற்ற வந்தவன் இப்படியா அடிப்பான் என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்ப என்ன நடக்குது?"

"சும்மா பேசிக்கிட்டு இருக்காங்க."

"பேச்சுல எலும்பு முறியுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் சோபாவின் நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். அதை அவள் கவனித்தாள்.

பிறகு படம் கும்மிருட்டாகிவிட்டது. ஏதோ கட்டடத்துக்குள் அவன் இறங்குகிறான் என்பது மட்டும் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள், கிட்டே போய்ப் பார்த்தாள். திரையில் அவள் முகமும் பின்னால் இருந்த ஜன்னலும்தான் தெரிந்தன.

"என்ன, உன் சத்தத்தையே காணோம்?" என்றார்.

எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லலாமா என்று நினைத்தாள். மனசு வரவில்லை. "எனக்கும் ஒண்ணும் தெரியலங்க. ஒரே இருட்டு."

அவர் அசையாமல் இருந்தார். ஐயோ, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரோ கழுத்தை நீட்டி, காதைத் திரைப்பக்கம் திருப்பினார்.

"பேசாத. லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறான். கம்பி வடம் உரசுது, கேக்குதா? மேல இருந்து பெட்டி இறங்குது. அவன் அடியில மாட்டிக்கிட்டான்." சற்று நிறுத்தினார். "மூச்சக் கேளு. பயந்துட்டான்."

"முகமூடி போட்டவனுக்கு என்னங்க பயம்?"

"குழிக்குள்ள நின்னவனுக்குத்தான் தெரியும். தலைக்கு மேல பெட்டி அசைஞ்சா எனக்கும் இப்படித்தான் மூச்சு வாங்கும்."

அவள் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து, பையைத் தூக்கும்போதெல்லாம் "பயமா இல்லையா" என்று கேட்டிருக்கிறாள். "பழகிப்போச்சு போ" என்பதுதான் எப்போதும் பதில். இத்தனை வருஷம் இந்த மனிதர் பயந்துகொண்டேதான் வேலைக்குப் போனாரா என்று நினைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மிச்சக் கதையைச் சொல்லிக்கொண்டே போனார்.

மாலையில் மகள் பேசினாள். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஹீரோ விளக்கெண்ணெய் குடிச்சவன் மாதிரியே இருக்கான்டி, சிரிக்கவே மாட்டேங்குறான்" என்றாள் அம்மா. "படமும் ஒரே இருட்டு."

"ஆனா ஆளு நல்ல ஆளும்மா" என்றார் அப்பா. "பயந்துக்கிட்டே இறங்குறான் பாரு, அது பிடிச்சிருக்கு."

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நாளாகிவிட்டது. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, ரிமோட்ல செட்டிங்ஸ் போய் வெளிச்சத்தக் கூட்டிவை. எல்லாம் பளிச்சுன்னு தெரியும்" என்றாள்.

மறுநாள் மதியம் டெய்லரம்மா மெஷினை மூடுவதற்குள், சுவரைத் தடவிக்கொண்டு அவரே ஹாலுக்கு வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. சோபாவில் நன்றாகச் சாய்ந்தும் உட்கார்ந்தார். இரண்டாம் பாகம் ஓடத் தொடங்கியது. மறுபடி அதே இருட்டு.

"பாப்பா சொன்னாளே, வெளிச்சத்தக் கூட்டிட்டியா?"

ரிமோட் அவள் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் பட்டன் மேலேயே நின்றது. அழுத்தாமல் அதை மேஜையில் வைத்தாள்.

"கூட்டிட்டேங்க. அப்பவும் ஒண்ணும் தெரியல."

அவர் காதை மேஜைப் பக்கம் திருப்பினார்.

"பட்டன் சத்தமே கேக்கலையே" என்றார்.

அவர் கையை நீட்டி அவள் தோளைத் தேடிப் பிடித்தார்.

"சரி, கிட்ட வா. என்ன நடக்குதுன்னு சொல்றேன்."